டேங்க் மாப்பிள்ளை நான்கு முறை ஊதிய கதை

பத்தொன்பது வருடங்களாக நான் வக்கீல் குமாஸ்தா. எங்கள் வக்கீலம்மாவிடம் வருகிற வழக்குகளில் பாதி, குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டவர்களுடையது. என் மேஜைக்கு எதிரே ஒரு மர நாற்காலி இருக்கிறது. அதில் உட்காரும் எல்லாரும், சொல்லிவைத்தாற்போல, ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்.

"ரெண்டே ரெண்டு, மேடம்."

காரைக் கொண்டுபோய்க் குளத்தில் இறக்கியவர் ரெண்டே ரெண்டு. ஜவுளிக்கடைக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போய், பொம்மைகளுக்கு நடுவே ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தூங்கிப்போனவர் ரெண்டே ரெண்டு. தன் வீடு என்று நினைத்துக் காவல் நிலையத்துக்குள்ளேயே வண்டியை நிறுத்திவிட்டு, வாசலில் இருந்த காவலரைச் சாப்பாடு எடுத்து வைக்கச் சொன்ன ஒரு பெரிய மனிதரும் ரெண்டே ரெண்டுதான். அந்த ரெண்டு எவ்வளவு பெரிய ரெண்டு என்று நான் கேட்பதில்லை. கேட்காமல் டைப் அடிப்பேன். எரிச்சல் ஏற ஏற விசைகளின் சத்தமும் ஏறும். வக்கீலம்மா உள்ளே இருந்தே "மெதுவா, மெதுவா" என்பார்.

எரிச்சலுக்குக் காரணம் உண்டு. என் தம்பி இடது காலைச் சாய்த்துத்தான் நடப்பான். பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு ரெண்டே ரெண்டு அவன் சைக்கிள் மீது ஏறியது. ஆகவே அந்த நாற்காலியில் உட்காருபவர்கள் மேல் எனக்குக் கருணை கிடையாது. சம்பளத்துக்காக அவர்களுடைய கோப்பைத் தைக்கிறேன், அவ்வளவுதான்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்து "ஒரு ஃபுல்" என்று சொன்னவர் இத்தனை வருடத்தில் ஒரே ஒருவர். அவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அவர் ஒரு டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஐம்பது வயது, ஒல்லி உடம்பு, சட்டைப் பையில் நீலம் ஒன்று சிவப்பு ஒன்று என இரண்டு பேனா. நாற்காலியில் உட்கார்ந்தாலும் வண்டிக் கண்ணாடி பார்ப்பதுபோல ஒரு தரம் வலது பக்கம், ஒரு தரம் இடது பக்கம் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். வெளியே ஏதாவது வண்டி ஹாரன் அடித்தால் போதும், அவருடைய வலது கால் தரையை ஒரு மிதி மிதிக்கும். இருபத்தாறு வருடமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து மற்றவர்களுக்காகப் பிரேக் போட்ட கால். அவர் வந்துபோன மூன்று மாதத்தில் அந்த நாற்காலிக்குக் கீழே விரிப்பில் ஓட்டையே விழுந்துவிட்டது.

"எவ்வளவு குடிச்சீங்க?" என்று கேட்டேன், பதிலை முன்கூட்டியே பாதி அடித்து வைத்துக்கொண்டு.

"ஒரு ஃபுல்."

கை நின்றுவிட்டது. அடித்த 'ரெ'யை அழித்தேன்.

"முழு பாட்டிலா? நீங்க ஒருத்தரேவா?"

"ஆமா." தெருவுக்கே கேட்க வேண்டும் என்பதுபோல உரக்கச் சொன்னார். "எங்க வீட்டுப் பக்கம் என்னை டேங்க்னுதான் கூப்பிடுவாங்க."

வக்கீலம்மா கோப்பை வாங்கிப் படித்தார். அவர் குடிபோதை வழக்கைப் படிக்கும் விதமே தனி. என்ன குற்றம் என்று பார்க்க மாட்டார், மணி எத்தனை என்றுதான் முதலில் பார்ப்பார். வண்டியை நிறுத்தியது எப்போது, மெஷினில் ஊதவைத்தது எப்போது, ஒரு தரம் ஊதினாரா இரண்டு தரமா, குழாய் புதிதா, மெஷினைக் கடைசியாகச் சரிபார்த்த தேதி என்ன, ரத்தம் எடுத்தார்களா. மனிதன் பொய் சொல்வான், போலீசும் சொல்லும், மெஷின்கூட சில நேரம் சொல்லும், ஆனால் மூன்று பேரும் சேர்ந்து ஒரே பொய்யைச் சொல்ல மாட்டார்கள் என்பது அவருடைய கட்சி.

கோப்பில் இருந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு வண்டி நிறுத்தப்பட்டது. நான்கு பன்னிரண்டுக்கு ஊதினார். சட்டம் பொறுத்துக்கொள்வது நூறு மில்லி ரத்தத்தில் முப்பது மில்லிகிராம் மது. சீட்டில் அடித்து வந்தது இருநூற்றுப் பத்து. அதற்குக் கீழே சப் இன்ஸ்பெக்டர் கையால் எழுதியிருந்தார்: 'கைகாட்டி, விளக்குப் போட்டு, ஒழுங்காக ஓரம் கட்டினார். கியரை நியூட்ரலில் வைத்தார். நடை நேர். பேச்சு தெளிவு. வாயில் கடுமையான வாடை.' கடைசி வரிதான் சிக்கல். 'ரத்தப் பரிசோதனைக்கு உடன்படவில்லை.' அதற்குப் பக்கத்தில் மாஸ்டரின் கையெழுத்து, முத்து முத்தாக.

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

"ஃபுல் அடிச்சவர் ஓரம் கட்ட மாட்டார் மாஸ்டர். ஓரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருப்பார். சரி, என்ன சரக்கு?"

"பிராந்தி."

"எப்படி இருக்கும்?"

மாஸ்டர் இரண்டு பக்கமும் கண்ணாடி பார்த்தார். "நல்லா இருக்கும். கொஞ்சம்... புளிப்பா."

வக்கீலம்மா சிரித்துவிட்டார். பிராந்தி புளிக்காது என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. பத்தொன்பது வருடம் சோறு போட்ட இடம்.

மாஸ்டர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போட்டார். ஜன்னலையும் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இங்க பேசறது வெளிய போகாதுல்ல?"

"போகாது."

"குமாஸ்தாம்மா?"

"அவங்களும் இந்தச் சுவரும் ஒண்ணு," என்றார் வக்கீலம்மா. பாராட்டா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மற்றவர்கள் எல்லாம் 'குடித்துவிட்டேன்' என்று எந்தக் குரலில் சொல்வார்களோ, அதே குரலில், தலையைக் குனிந்துகொண்டு மாஸ்டர் சொன்னார்: "நான் குடிக்க மாட்டேம்மா. பொறந்ததுலேர்ந்து ஒரு சொட்டு உள்ள போனதில்ல."

பிறகு கொட்டித் தீர்த்துவிட்டார்.

அவர் மனைவிக்கு மூன்று அண்ணன்கள். மூத்தவர் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தவர், அடுத்தவருக்கு அச்சகம், மூன்றாமவருக்கு மருந்துக்கடை. மூவரும் தங்கமான மனிதர்கள், குடிப்பது ஒன்றைத் தவிர. அதுவும் தினமும் இல்லை. குடும்பத்தில் யாராவது ஒருவருக்கு நல்லது நடந்தால் போதும், கூடிவிடுவார்கள். பெரிய குடும்பம், நல்லதுக்குப் பஞ்சமே இல்லை.

அந்த வீட்டில் ஒரு முறை உண்டு. கூடிக் கலையும் நேரத்தில் வண்டிச் சாவி யாரிடம் போக வேண்டும் என்பதற்கான முறை. அதிகமாகக் குடித்தும் ஆடாமல் நிற்பவர் எவரோ அவர் கையில்தான் சாவி. குடிக்காதவர் அந்தக் கூட்டத்தில் உட்காரவே முடியாது. சாவியைக் கேட்கும் உரிமையும் கிடையாது. 'ஒதுங்கி நிக்கிற ஆளுக்கு நம்ம உசுரு மேல என்ன அக்கறை?' என்று பெரிய மச்சான் கேட்பாராம். அவர் சொல்லும்போது நியாயமாகத்தான் தோன்றுமாம்.

"கல்யாணம் ஆன புதுசு," என்றார் மாஸ்டர். "நான் ஓரமா ஜூஸ் குடிச்சுக்கிட்டு நின்னேன். பெரிய மச்சான்தான் சாவிய எடுத்தாரு. பின்னாடி என் பொண்டாட்டி, மச்சானோட சின்னப் பசங்க ரெண்டு. கொண்டுபோய்ச் சுவத்துல விட்டாரு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா நான் டிரைவிங் மாஸ்டர்மா. பின் சீட்டுல உட்கார்ந்துக்கிட்டு, காலுக்குக் கீழ பிரேக் இல்லாம, வெறும் தரைய மிதிச்சேன் பாருங்க..." அவர் கால் இப்போதும் மிதித்தது. "அடுத்த தடவை கிளாஸை நீட்டினாங்க. வாங்கிக்கிட்டேன்."

வாங்கிக்கொண்டார், ஆனால் குடிக்கவில்லை. பெரிய மச்சான் வீட்டு மாடியில் மூலையில் ஒரு நாற்காலி, அதற்குப் பின்னால் வரிசையாகக் குரோட்டன்ஸ் தொட்டிகள். மாஸ்டர் எப்போதும் அந்த நாற்காலியைத்தான் பிடிப்பார். மற்றவர்கள் ஒரு கிளாஸ் முடிப்பதற்குள் இவர் இரண்டு முடித்திருப்பார். கிளம்பும்போது குளியலறைக்குப் போய் ஒரே ஒரு வாய் எடுத்து நன்றாகக் கொப்பளித்துத் துப்பிவிட்டு வருவார், வாடை வேண்டுமே. பிறகு வந்து நேராக நடந்து காட்டுவார். சாவி கைக்கு வந்துவிடும். இப்படியே இருபத்திரண்டு வருடம். மூன்று மச்சான்களையும், அவர்கள் மனைவிகளையும், பிள்ளைகளையும், மழையிலும் வெயிலிலும் ஒரு கீறல் இல்லாமல் வீடு சேர்த்திருக்கிறார். 'எங்க மாப்பிள்ளை டேங்க். எவ்வளவு ஊத்தினாலும் லெவல் காட்டாது' என்று அவர்கள் ஊரெல்லாம் பெருமை பேசினார்கள்.

"அப்போ ரத்தம் எடுக்கறதுக்கு ஏன் ஒத்துக்கல?" என்றார் வக்கீலம்மா. "எடுத்திருந்தா அங்கயே முடிஞ்சிருக்குமே."

"மூணு மச்சானும் பின் சீட்டுல இருந்தாங்களே! பெரிய மச்சான் ரிடையர் ஆன விருந்து அன்னிக்கு. சின்னவங்க ரெண்டு பேரையும் கொண்டுவிடக் கிளம்பினேன். வழியனுப்பறேன்னு அவரும் ஏறிக்கிட்டாரு. எஸ்.ஐ. ரத்தம்னு சொன்னதும், 'எடுங்க சார், எங்க மாப்பிள்ளை ஒடம்புல பாதி ரத்தம், பாதி பிராந்தி'ன்னு ஜன்னல் வழியா கத்தறாரு. ரத்தத்துல ஒண்ணுமே இல்லன்னு வந்தா?"

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். எத்தனையோ பேர் குடித்ததை மறைக்க ரத்தம் தர மறுத்திருக்கிறார்கள். குடிக்காததை மறைக்க மறுத்தவரை அன்றுதான் பார்த்தேன்.

"உங்க வீட்டம்மாவுக்குத் தெரியுமா?"

"அவளுக்குத் தெரிஞ்சா சாயந்திரத்துக்குள்ள அண்ணன்களுக்குத் தெரிஞ்சிடும். குடிகாரன், குடிகாரன்னு இருபத்திரண்டு வருஷமாத் திட்டு வாங்கறேன்."

"உங்களைப் பிடிச்ச எஸ்.ஐ.?"

"அவனுக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுத்ததே நான்தான்," என்றார் மாஸ்டர், முதன்முறையாக முகம் மலர்ந்து. "ரிவர்ஸ்ல கொஞ்சம் பயப்படுவான்."

தண்டனை வந்தால் அபராதத்தோடு போகாது. லைசென்ஸ் பறிபோகும், சொல்லிக்கொடுக்கும் அனுமதியும் கூடவே போகும். பள்ளியின் முதலாளி தீர்ப்பு வரட்டும் என்று காத்திருந்தார். மாஸ்டருக்கு வேறு வேலை தெரியாது. மற்றவர்களுக்காகப் பிரேக் மிதிப்பதைத் தவிர எதையும் அவர் கற்றுக்கொள்ளவில்லை.

வக்கீலம்மா கோப்பில் இரண்டு மணிகளையும் சிவப்பு மையால் வட்டமிட்டார். நான்கு பத்து. நான்கு பன்னிரண்டு. அந்த மெஷினோடு வரும் கையேட்டின் ஆறாம் பக்கத்தில் ஒரு எச்சரிக்கை உண்டு, எங்கள் அலுவலகத்தில் எனக்கே மனப்பாடம். வாயில் மது பட்டிருந்தால், பட்டுப் பதினைந்து நிமிடம் ஆகும்வரை ஊதவைக்கக் கூடாது. வாயில் ஒட்டியிருப்பதை நுரையீரலிலிருந்து வருவதாக மெஷின் எண்ணிக்கொள்ளும். உள்ளே போனது இரண்டு மணி நேரம் ஆனாலும் காட்டும், வாயோடு நின்றது பதினைந்து நிமிடத்தில் போய்விடும். மாஸ்டர் கொப்பளித்தது நான்கு ஐந்துக்குப் பிறகு. வண்டியை நிறுத்திய இடத்திலிருந்து மச்சான் வீடு மூன்றாவது தெரு.

"கோர்ட்டுல செஞ்சு காட்டுவோம்," என்றார் வக்கீலம்மா. "அதே மெஷின், அதே பிராந்தி."

"மச்சான்களுக்குத் தெரியாம செய்ய முடியுமா?"

"கோர்ட்டு எல்லாருக்கும் பொது. நீங்க தேதியச் சொல்லாம இருந்தா சரி."

மனுப் போட்டோம். அரசுத் தரப்பு எதிர்த்தது, நீதிமன்றத்துக்குள் மது கொண்டுவருவது அதன் மாண்புக்கு இழுக்கு என்று. நீதிபதி ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தவர். காலை முதல் மாலை வரை ரெண்டே ரெண்டு கேட்டுக் கேட்டுச் சலித்தவர். மனுவை இரண்டு தரம் படித்துவிட்டு, "அனுமதிக்கிறேன், எனக்கும் பார்க்கணும்" என்றார்.

பிராந்தி வாங்குகிற வேலை என் தலையில் விழுந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் கடை வரிசையில் நின்றேன், கையில் கோப்போடு. எனக்கு முன்னால் நின்ற எட்டுப் பேரும் மரியாதையாக விலகி வழிவிட்டார்கள். ஒருவர் சிகரெட்டைக்கூட மறைத்துக்கொண்டார். கடைக்காரர் என்ன வேண்டும் என்றார். ஒரு குவார்ட்டர் பிராந்தி என்றேன். எந்த பிராண்ட் என்றார். கொப்பளித்துத் துப்புவதற்கு எது நன்றாக இருக்கும் என்று கேட்டேன். பின்னால் நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

விசாரணை நாள் வந்தது. மாஸ்டர் தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, எட்டரைக்கே வந்து வராந்தாவில் நின்றார். பத்து மணிக்கு நீதிமன்ற வாசலில் ஒரு கார் வந்து நின்றது. மூன்று மச்சான்களும் இஸ்திரி போட்ட சட்டையில் இறங்கினார்கள். பின்னாலேயே மாஸ்டரின் மனைவி. டிரைவிங் ஸ்கூலில் போய் விசாரித்துத் தேதியைக் கறந்திருக்கிறார்கள்.

"மாப்பிள்ளை, கவலைப்படாதீங்க!" என்றார் பெரியவர். "சாட்சி சொல்ல வந்திருக்கோம். ஒரு ஃபுல் அடிச்சாரு, ஆனாலும் கல்லு மாதிரி இருந்தாருன்னு நாங்க மூணு பேரும் அடிச்சுச் சொல்றோம்."

மனைவி கொஞ்சம் தள்ளி நின்றார். 'இன்றைக்காவது நல்லாப் படட்டும்' என்று முகத்தில் எழுதியிருந்தது.

மாஸ்டர் என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்.

"குமாஸ்தாம்மா, விட்டுடலாம். குற்றத்த ஒத்துக்கறேன்."

"என்ன சொல்றீங்க?"

"இருபத்திரண்டு வருஷம்மா. என்னை நம்பி உட்கார வெச்சுச் சிரிச்சவங்க. ஏமாத்திட்டான்னு ஆயிடும். அப்புறம் என்னைக் கூப்பிட மாட்டாங்க. கூப்பிடலன்னா சாவி மறுபடி பெரியவர் கைக்குப் போகும். லைசென்ஸ் போனாப் போகுது."

அவ்வளவுதான், எனக்குப் பொறுக்கவில்லை. சுவரும் நானும் ஒன்று என்பதெல்லாம் அந்த நிமிடத்தோடு முடிந்தது.

"லைசென்ஸ் போனப்புறம் சாவிய வாங்கி என்ன, வாசல்ல மாட்டி வெச்சுப் பார்க்கப் போறீங்களா?" என்றேன். "பத்தொன்பது வருஷமா அந்த நாற்காலில எத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்க தெரியுமா? அத்தனை பேரும் குடிச்சுட்டு ரெண்டே ரெண்டுன்னவங்க. அவங்கள மாதிரி ஒருத்தன்தான் என் தம்பி கால ஒடைச்சவன். அவன்கூட வெளிய வந்துட்டான் மாஸ்டர், ரெண்டே ரெண்டுன்னு சொல்லி. ஒரே ஒரு சுத்தமான மனுஷன் வந்தீங்க. நீங்க போய்க் குற்றவாளின்னு கையெழுத்துப் போடுவீங்க, அத நான் டைப் அடிக்கணுமா? மாட்டேன். வேற குமாஸ்தா பாத்துக்கோங்க."

கட்சிக்காரரிடம் குமாஸ்தா இப்படிப் பேசக் கூடாது. எனக்கே வெட்கமாக இருந்தது. மாஸ்டர் தன் காலைப் பார்த்தார். பிறகு வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், உள்ளே போனார்.

சப் இன்ஸ்பெக்டர் கூண்டில் ஏறினார். மாஸ்டரைப் பார்த்ததும் அவர் கை தானாக சீட் பெல்ட் இருக்கும் இடத்துக்குப் போனது.

"நிறுத்தினதுக்கும் ஊதவெச்சதுக்கும் நடுவுல ரெண்டே நிமிஷம்தான் இருக்கு. பதினஞ்சு நிமிஷம் ஏன் காத்திருக்கல?" என்று கேட்டார் வக்கீலம்மா.

அவர் நெளிந்தார். "மாஸ்டரை நடுரோட்டுல நிக்க வெக்கச் சங்கடமா இருந்துச்சு மேடம். சீக்கிரம் முடிச்சு அனுப்பிடலாம்னு..."

நீதிபதி எழுதிக்கொண்டார். பிறகு மாஸ்டரைக் கூப்பிட்டார்கள். முதலில் வெறும் வாயோடு ஊதினார். பூஜ்யம். நான் குவார்ட்டரைத் திறந்தேன், மூடி வர மறுத்தது. நீதிமன்ற ஊழியர் ஒருவர் வாங்கி, ஒரே திருகில் திறந்து கொடுத்தார். அவருடைய கைத்திறமையை எல்லாரும் கவனித்தார்கள். மாஸ்டர் ஒரு வாய் எடுத்தார். கன்னம் உப்பி, கண்ணில் நீர் வந்து, கழுத்து நரம்பு புடைத்தது. நன்றாகக் கொப்பளித்து வாளியில் துப்பினார். இரண்டு நிமிடம் கழித்து ஊதினார்.

இருநூற்று நாற்பது.

"பாருங்க!" என்று பெரிய மச்சான் பின்வரிசையிலிருந்து பெருமையோடு சொன்னார். உட்காரச் சொன்னார்கள்.

பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். நீதிபதி அதற்குள் ஒரு சுவர்த் தகராறைக் கூப்பிட்டு ஒத்திவைத்தார். மாஸ்டர் கூண்டிலேயே நின்றார், சப் இன்ஸ்பெக்டர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் ஆனதும் புதுக் குழாய் மாட்டி, அதே மெஷினில் மறுபடி ஊதவைத்தார்கள்.

சப் இன்ஸ்பெக்டர் சீட்டைக் கிழித்து, தொண்டையைச் செருமிப் படித்தார். "பூஜ்யம்."

"துப்பினீங்க, சரி," என்றார் நீதிபதி. "அன்னிக்கும் துப்பினீங்கன்னு எப்படி நம்பறது? ரத்தம் தர ஏன் மறுத்தீங்க?"

மாஸ்டர் பின்வரிசையைப் பார்க்காமல், நீதிபதியை மட்டும் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். சுவரில் மோதிய வண்டியை, சாவியின் முறையை, மூலை நாற்காலியை, கொப்பளித்ததை. மொத்தமே நாலு நிமிடம்தான் ஆகியிருக்கும்.

பெரிய மச்சான் எழுந்து நின்றார். அவருக்கு ஏதோ ஒன்று மெல்ல மெல்லப் புரிந்துகொண்டிருந்தது.

"அப்போ... என் குரோட்டன்ஸு?"

"நீங்க யாரு?" என்றார் நீதிபதி.

"அவரு மச்சான் ஐயா. நாலு தொட்டிங்க. வருஷத்துக்கு ஒரு செடி பட்டுப்போகும். மண்ண மாத்தினேன், உரத்த மாத்தினேன், நர்சரிக்காரனோட சண்டைக்கே போனேன்..."

நீதிபதி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிறிது நேரம் இருமினார். அது இருமல்தான் என்று நீதிமன்றக் குறிப்பு சொல்லும். பிறகு, செடிகள் பட்டுப்போன விவரம் கூண்டில் நிற்பவர் சொன்னதற்கு வலுச் சேர்ப்பதாகவும், அதைத் தாமாகவே முன்வந்து சொன்னவருக்கு அதன் மதிப்புத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பதால் நம்பத் தக்கது என்றும் எழுதிக்கொண்டார். விதிப்படி காத்திருக்காமல் எடுத்த அளவை ஏற்க முடியாது. மாஸ்டர் விடுதலை.

மாஸ்டர் கூண்டிலிருந்து இறங்க மறந்து நின்றார். நான்தான் போய் இறக்கினேன்.

வெளியே மரத்தடியில் மூன்று மச்சான்களும் வரிசையாக நின்றார்கள். பெரியவர் கையில் சாவி இருந்தது. முகம் சிவந்திருந்தது.

"இருபத்திரண்டு வருஷமா எங்களை முட்டாளாக்கியிருக்கீங்க மாப்பிள்ளை."

"ஆமா மச்சான்."

"பாலத்துல தண்ணி ஏறின அன்னிக்கு, பசங்க எட்டுப் பேரு பின்னாடி. அன்னிக்கும் நீங்க..."

"அன்னிக்கும் ஒண்ணும் குடிக்கல மச்சான்."

பெரியவர் சாவியை ஒரு தரம் பார்த்தார். தம்பிகளைப் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள். பிறகு கையை நீட்டி, மாஸ்டரின் உள்ளங்கையில் சாவியை வைத்து, விரல்களைத் தானே மடக்கிவிட்டார். முறைப்படி பார்த்தால் அன்று அந்தக் கூட்டத்தில் பிராந்தியை வாயில் வைத்த ஒரே ஆள் மாஸ்டர்தான்.

அப்போதுதான் அவர் மனைவி பக்கத்தில் வந்தார். கிட்டே வந்ததும் மூக்கைச் சுருக்கினார்.

"வந்துட்டீங்களா இந்த வாடையோட? மனுஷனா நீங்க, வீட்டுல பொண்டாட்டி ஒருத்தி..." அப்படியே நின்றுவிட்டார். இருபத்திரண்டு வருடப் பழக்கம், வாய் தானாகப் போய்விட்டது. "அவ்வளவு திட்டினேனே. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ 'குடிக்கலடி'ன்னு சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னா சாயந்திரத்துக்குள்ள உங்க அண்ணனுக்குத் தெரிஞ்சிடும்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். நேர்மையான பெண்மணி. "மத்தியானத்துக்குள்ள," என்றார்.

மாஸ்டர் காரை நோக்கித் திரும்பினார். மனைவி அவர் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"எங்க போறீங்க? பதினஞ்சு நிமிஷம் நில்லுங்க. வாய்ல இன்னும் வாடை இருக்கு."

"அதான் பூஜ்யம்னு வந்துடுச்சே."

"அது கோர்ட்டுக்கு. நான் வண்டில ஏறணும்ல?"

ஆகவே ஐந்து பேரும் அந்த மரத்தடியில் நின்றார்கள். பெரிய மச்சான் கடிகாரத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் நேரம் சொன்னார். சப் இன்ஸ்பெக்டரும் வந்து மாஸ்டருக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டார், இந்தத் தடவை முழுப் பதினைந்தும். தெருவில் ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்தது. மாஸ்டரின் வலது கால் மண்ணை ஒரு மிதி மிதித்தது. அவர் மனைவி அந்தக் காலைப் பார்த்தார். பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

வக்கீலம்மாவும் நானும் அலுவலகத்துக்குத் திரும்பினோம். நாற்காலியில் புதிதாக ஒருவர் உட்கார்ந்திருந்தார், நெற்றியில் கட்டுப் போட்டுக்கொண்டு. எவ்வளவு என்று கேட்டேன்.

"ரெண்டே ரெண்டு, மேடம்."

விசைகளை ஓங்கி அடித்தேன். உள்ளேயிருந்து வக்கீலம்மா 'மெதுவா' என்று சொல்லவில்லை.